லைனில் இருந்தவர்கள்

2013 ஜூலை 14-ஆம் தேதி தந்திக்கு நாடே விடை கொடுத்தது. கடைசித் தந்தி ஒன்றை அனுப்பிப் பார்க்கத் தந்தி அலுவலகங்களில் கூட்டம் நின்றது. பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதின. அதற்குச் சுமார் இருபது ஆண்டுகள் முன்பே இன்னொரு சாவு நடந்து முடிந்திருந்தது. அதற்கு யாரும் கூடவில்லை. தேதியைக்கூட யாரும் குறித்து வைக்கவில்லை, ஏனென்றால் அது ஊருக்கு ஒரு நாளாக நடந்த சாவு. வெளியூர்ப் போன் பேச்சை இணைத்த ட்ரங்க் போர்டுகளைக் கழற்றி எடுத்துப்போன அன்று, ஒருவரையொருவர் முகம் பார்க்காமலே வருஷக்கணக்காக ஒன்றாக வேலை செய்த டெலிபோன் ஆப்பரேட்டர்களின் தோழமை முடிந்துபோயிற்று. காலம் கடந்து வரும் இந்த இரங்கல் அந்தத் தோழமைக்கு.

இப்போது எழுதக் காரணம் உண்டு. முகம் பார்க்காமல் சேர்ந்து வேலை செய்வது இன்று பல லட்சம் பேருக்கு அன்றாடம். சித்தூரில் ஒருத்தி, மூணாறில் ஒருவன், சென்னையில் ஒருவர், பெங்களூரில் மேலாளர் என்று ஒரே குழு நாலு ஊரில் உட்கார்ந்திருக்கிறது. கூட வேலை செய்பவர் யார், எப்படிப்பட்டவர் என்றே தெரியவில்லை என்ற குறை ஓயாமல் கேட்கிறது. அதைத் தீர்க்க வெள்ளிக்கிழமை மாலை விளையாட்டு, கேமராவுக்கு முன்னால் தேநீர் என்று நிறுவனங்கள் ஏதேதோ செய்துபார்க்கின்றன. தமிழ்நாடு - கேரள எல்லையின் இதே மலைச்சரிவில், அந்தக் குறைக்கே இடமில்லாமல் தூரத்து ஆட்களோடு வேலை செய்து, ஒருவர் வீட்டுக் கஷ்டம் இன்னொருவருக்குத் தெரியும்படி வாழ்ந்த ஒரு கூட்டம் இருந்தது. அது எப்படி வாய்த்தது என்பதைச் செத்த பிறகாவது பார்த்துவிட வேண்டும்.

பாலக்காடும் இடுக்கியும் ஒரே மாநிலத்து மாவட்டங்கள்தான், ஆனால் ஒன்றையொன்று தொடுவதில்லை. இரண்டையும் தொடுவது தமிழ்நாடு. பாலக்காட்டுக் கணவாய்ப் பக்கம் வாளையார், கோபாலபுரம், மீனாட்சிபுரம். மலைப் பக்கம் சின்னாறு, போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி. 1956 நவம்பர் 1-இல் மொழிவழி மாநிலங்கள் பிறந்தபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு நின்றன. அங்கே தேயிலையும் ஏலமும் பறித்தவர்களின் சொந்தங்கள் தேனி, மதுரை, திருநெல்வேலிப் பக்கம் இருந்தார்கள். சித்தூர், கொல்லங்கோட்டு வீடுகளுக்குப் பொள்ளாச்சியிலும் கோயம்புத்தூரிலும் சம்பந்திகள். பெண் எடுப்பது, காய்கறி, மாடு, ஏலக்காய் விலை, ஆஸ்பத்திரி எல்லாமே கோட்டைத் தாண்டித்தான். ஆனால் உள்ளூர் எக்ஸ்சேஞ்சைத் தாண்டிப் போகிற எந்தப் பேச்சும் ட்ரங்க் கால். அதற்குக் காத்திருக்க வேண்டும். பக்கத்து ஊர் என்றாலும் அப்படித்தான்.

அந்தக் காத்திருப்பு என்ன என்று இன்றைய பிள்ளைகளுக்குச் சொல்லிப் புரியவைக்க வேண்டியிருக்கிறது. 180-ஐச் சுழற்றி ட்ரங்க் புக்கிங்கைப் பிடிக்க வேண்டும். எடுத்தவர் ஒரு சீட்டு எழுதுவார்: எந்த ஊர், எந்த எண், கூப்பிடுவது யார், சாதாரணமா, அர்ஜென்டா, லைட்னிங்கா. அர்ஜென்டுக்கு இரண்டு மடங்குக் கட்டணம், லைட்னிங்குக்கு எட்டு மடங்கு. குறிப்பிட்ட ஆள்தான் வந்து பேச வேண்டும் என்றால் பி.பி. கால். பக்கத்து வீட்டு எண்ணைத் தன் எண்ணாகத் தந்து, ஓரத்தில் பி.பி. என்று போட்டுக் கல்யாணப் பத்திரிகை அடித்த காலம் அது. எழுதிய சீட்டு ட்ரங்க் போர்டுக்குப் போகும். அங்கே தலையில் ஹெட்செட்டும் முன்னால் ஒயர் வரிசையுமாக உட்கார்ந்திருக்கும் ஆப்பரேட்டர், எதிர் ஊருக்குப் போகும் கம்பி எது காலியாக இருக்கிறது என்று பார்த்துப் பிளக்கைச் செருகி மணி அடிப்பார்.

மறுமுனையில் ஒரு குரல் தன் ஊரின் பெயரைச் சொல்லும். "பாலக்காடு." இவர் தன் ஊரைச் சொல்வார். "பொள்ளாச்சி." ஆளின் பெயர் கிடையாது, ஊர்தான் பெயர். எண்ணைச் சொன்னதும் அங்கிருப்பவர் தன் போர்டில் அந்த வீட்டுக்கு மணி அடிப்பார். வீட்டில் எடுக்கும்வரை இரண்டு ஆப்பரேட்டர்களும் லைனில்தான் நிற்க வேண்டும். எடுத்துவிட்டால் "பேசுங்க" என்று விட்டுவிட்டு நேரத்தைக் குறிப்பார்கள். மூன்று நிமிஷம் ஒரு கணக்கு. முடிகிறபோது உள்ளே வந்து, "மூணு நிமிஷம் ஆச்சு, இன்னும் வேணுமா?" என்று கேட்பார்கள். நேர்க்கம்பி இல்லாத சிறிய ஊர் என்றால் நடுவில் இன்னும் ஒருவரோ இருவரோ கைகோத்து நிற்க வேண்டும். போடியில் ஏலக்காய் வியாபாரிக்கு வண்டன்மேட்டிலிருந்து வந்த விலை, கல்லூரிப் பிள்ளைக்கு அப்பா சொன்ன "பணம் அனுப்பியாச்சு", பிரசவ வார்டிலிருந்து வந்த "பெண் குழந்தை" எல்லாம் இப்படி மூன்று நான்கு பேரின் கைமாறித்தான் போய்ச் சேர்ந்தன. அவர்கள் ஒருவரையொருவர் பார்த்ததில்லை.

இந்த வேலையில் ஓர் அடிப்படை இருக்கிறது. இந்தக் கட்டுரைக்கே அதுதான் ஆதாரம். எதிர்முனையில் இருப்பவர் கை கொடுக்காமல் இவரால் ஒரு காலைக்கூட முடிக்க முடியாது. எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் முடியாது. கடுகடு என்று பேசிவிட்டால் அடுத்த முறை மணி அடிக்கும்போது அந்தப் பக்கம் எடுக்கத் தாமதமாகும். தாமதமானால் இந்தப் பக்கம் காத்திருப்பவரின் கோபம் இவர் தலையில் இறங்கும். நல்லபடி பேசினால், கம்பிக்கு நெரிசலான நேரத்திலும் அந்தப் பக்கத்திலிருந்து, "கொஞ்சம் இருங்க, இப்பவே ஒண்ணு காலியாகும், தர்றேன்" என்று வரும். தினமும் பத்து முறை, இருபது முறை அதே குரல். ஒரே ஆண்டில் அந்தக் குரலுக்குத் தடுமன் பிடித்திருக்கிறதா, அழுதுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறதா என்று கேட்ட மாத்திரத்தில் தெரிந்துவிடும். பாலக்காட்டுக் குரல் "சேச்சி" என்று தொடங்கும், போடிக் குரல் "அக்கா" என்று தொடங்கும். தமிழும் மலையாளமும் கம்பியில் கலந்து எது எங்கே முடிகிறது என்று சொல்ல முடியாத பேச்சு ஒன்று ஓடும்.

அதைவிட முக்கியமானது, லைன் சும்மா இருந்த நேரம். வீட்டில் எடுக்கும்வரை நிற்கும் அரை நிமிஷம். "ஆளைக் கூப்பிட ஓடியிருக்காங்க, இருங்க" என்ற பி.பி. காலின் ஐந்து நிமிஷம். கம்பி பழுதா என்று காலையில் ஒவ்வொரு லைனாகச் சோதித்துப் பார்க்கும் நேரம். நள்ளிரவுக்கு மேல் போர்டில் விளக்கு எரியாத நைட் டியூட்டி. அப்போதெல்லாம் இரண்டு ஊர்களுக்கு நடுவில் ஒரு கம்பி திறந்தே கிடந்தது; இரண்டு பக்கமும் மனிதர்கள் இருந்தார்கள். பேச வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. சொல்லப்போனால் பேசக்கூடாது என்பதுதான் விதி. முதுகுக்குப் பின்னால் சூப்பர்வைசர் நடந்துகொண்டிருப்பார். ஆனாலும் "உங்க பக்கம் மழையா?" என்று ஒரு கேள்வி போகாமல் இருக்குமா? ஜூன் மாதம் தென்மேற்குப் பருவமழை கணவாய்க்குள் புகுந்து வருகிறபோது அது வெறும் விசாரிப்பாகவும் இருக்காது. மழை என்றால் மரம் விழும், மரம் விழுந்தால் கம்பி போகும், கம்பி போனால் இன்று இரவு இரண்டு ஊருக்கும் பேச்சு இல்லை. லைன்மேன் நனைந்துகொண்டே மலை ஏற வேண்டும். மழையைக் கேட்டுத் தொடங்கிய பேச்சு பிள்ளைக்குக் காய்ச்சல், மாமியாருக்குச் சர்க்கரை, அடுத்த மாதம் டிரான்ஸ்பர் என்று தானாகவே போயிருக்கிறது.

ட்ரங்க் கால் வந்திருக்கிறது என்றாலே வீட்டில் வயிற்றைக் கலக்கும். நல்ல செய்திக்குக் கடிதம், கெட்ட செய்திக்கு ட்ரங்க் கால் என்பது நடுத்தர வீடுகளின் கணக்கு. அந்தக் கெட்ட செய்தியை முதலில் ஏந்தியவர்கள் ஆப்பரேட்டர்கள். எண்ணைச் சொல்கிற குரலிலேயே என்ன நடந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். இந்தப் பக்கம் இருப்பவர் எதிர்ப்பக்கத்திடம் இரண்டே சொல்லில் சொன்னால் போதும், அந்தப் பக்கம் புரிந்துகொண்டு விடாமல் மணி அடிக்கும். கேட்டதை வெளியே சொல்ல முடியாது. 1885-ஆம் ஆண்டின் இந்தியத் தந்திச் சட்டம் அதைக் குற்றம் என்றது. வீட்டில் போய்ச் சொல்ல முடியாத ஒரு பாரத்தைச் சொல்லாமலே பகிர்ந்துகொள்ள ஒரே ஆள் கம்பியின் அந்தப் பக்கம்தான் இருந்தார். இப்படிப்பட்ட நெருக்கத்துக்கு நம்மிடம் சரியான உறவுமுறை கிடையாது. அது நட்பைவிடக் கொஞ்சம் குறைவு, சக ஊழியரைவிட ரொம்ப அதிகம்.

இந்தப் பழக்கம் இந்த மலையடிவாரத்தில் மட்டும் முளைத்ததும் அல்ல. தந்திக் கம்பி வந்த நாளிலிருந்து உலகம் முழுவதும் இப்படித்தான். மோர்ஸ் குறி தட்டும் விதத்திலிருந்தே எதிர்முனையில் யார் என்று அடையாளம் கண்டார்கள். இளவயதில் தந்தி ஆப்பரேட்டராக இருந்த எடிசன், பின்னாளில் மீனா மில்லரிடம் திருமணத்துக்குச் சம்மதம் கேட்டதே அவர் கையில் மோர்ஸ் தட்டித்தான். நம் நாட்டில் 1908-இல் தந்தி ஊழியர்கள் பெரிய வேலைநிறுத்தம் ஒன்றை நடத்தினார்கள். கல்கத்தா, பம்பாய், சென்னை, கராச்சி, ரங்கூன் என்று ஆயிரக்கணக்கான மைல் தள்ளி உட்கார்ந்திருந்தவர்கள், பெரும்பாலும் ஒருவரையொருவர் கண்ணால் பார்த்திராதவர்கள், ஒன்றாக வேலையை நிறுத்தினார்கள். வரலாற்றாசிரியர் தீப் காந்த லாஹிரி சௌதரி அவர்களை இந்தியாவின் முதல் மெய்நிகர் சமூகம் என்று அழைக்கிறார். கொஞ்சமும் மிகையில்லை. 1960 ஜூலையில் மத்திய அரசு ஊழியர்கள் நடத்திய ஐந்து நாள் வேலைநிறுத்தத்திலும், 1968 செப்டம்பர் 19-ஆம் தேதியின் ஒருநாள் வேலைநிறுத்தத்திலும் தபால் தந்தித் துறையினர் முன்வரிசையில் நின்றார்கள். ஊர் ஊராகச் சிதறிக் கிடந்தவர்களுக்கு அந்தத் துணிவு எங்கிருந்து வந்தது? தினமும் குரல் கேட்ட மனிதரைக் கைவிட மனம் வராது என்பது அதில் ஒரு பங்காவது இருக்கும் என்றே நான் நம்புகிறேன்.

ரயில்வேயில் இதற்கு ஓர் உடன்பிறப்பு இருந்தது. அதைச் சொல்லாமல் நகர முடியாது. ஒற்றைத் தடத்தில் ஒரு ஸ்டேஷன் மாஸ்டர் ரயிலை அனுப்ப வேண்டுமென்றால் அடுத்த ஸ்டேஷன்காரர் சம்மதிக்க வேண்டும். அந்தக் காலத்து நீல்ஸ் டோக்கன் கருவியில், அங்கே அவர் பொத்தானை அழுத்திப் பிடித்தால்தான் இங்கே இரும்புக் குண்டு வெளியே வரும். அதைத் தோல்பையில் போட்டு, பெரிய வளையத்தில் மாட்டி, ஓடும் இன்ஜினில் கொடுப்பார்கள். போனில் தகவல் மாற்றிக்கொள்ளும்போது, பேசுவது உண்மையிலேயே அவர்தான் என்பதற்கு அத்தாட்சியாக ஒரு 'பிரைவேட் நம்பர்' தருவார்கள்; ஒருமுறை சொன்ன எண்ணை அடித்துவிட வேண்டும். அடுத்த ஸ்டேஷன் மாஸ்டரின் குரலை நம்பித்தான் நூற்றுக்கணக்கான உயிர்கள் போயின, வந்தன. கேரள எல்லையைத் தாண்டியும் முட்டிக்கொண்டும் நம் பக்கம் இரண்டு மீட்டர்கேஜ் தடங்கள் இருந்தன: பொள்ளாச்சி வழியாகப் பாலக்காடு, மதுரையிலிருந்து போடி. முன்னது 2008-இல் நின்று 2015-இல் அகலப்பாதையாக மீண்டது. பின்னது 2010-இன் கடைசியில் நின்று, 2023 ஜூனில்தான் போடிவரை திரும்பி வந்தது. ரயில் திரும்பி வந்தது, மகிழ்ச்சி. முதலமடைக்கும் கொல்லங்கோட்டுக்கும் நடுவில் ஓடிய பழைய பேச்சு திரும்பவில்லை.

ட்ரங்க் ஆப்பரேட்டரின் சாவு எங்கே தொடங்கியது என்று தேடினால் ஓர் இறுதிச்சடங்குத் தொழிலில் போய் நிற்கும். அமெரிக்காவில் கன்சாஸ் நகரத்தில் பிணங்களை அடக்கம் செய்யும் தொழில் நடத்திய ஆல்மன் ஸ்ட்ரௌஜர், தனக்கு வர வேண்டிய கால்களை ஆப்பரேட்டர் போட்டிக்காரருக்குத் திருப்பிவிடுகிறார் என்று சந்தேகப்பட்டாராம். ஆப்பரேட்டரே இல்லாத எக்ஸ்சேஞ்சை அவர் கண்டுபிடித்து 1891-இல் காப்புரிமை வாங்கினார். அந்தச் சந்தேகக் கதை எவ்வளவு நிஜமோ, கருவி நிஜம். இந்தியாவில் ஆப்பரேட்டர் இல்லாத நேரடி வெளியூர்ப் பேச்சு, எஸ்.டி.டி., 1960-இல் லக்னோ - கான்பூர் இடையே தொடங்கியது. நம் பக்கத்துச் சின்ன ஊர்களுக்கு வர இன்னும் ஒரு தலைமுறை ஆயிற்று. அதற்கு வழி செய்தவற்றில் ஒன்று நம் எல்லையிலேயே எழுந்தது. வாளையாரைத் தாண்டிப் பாலக்காட்டுக்குப் போகும் சாலையில் கஞ்சிக்கோடு. அங்கே 1976-இல் இந்தியன் டெலிபோன் இண்டஸ்ட்ரீஸ் தன் பாலக்காட்டுத் தொழிற்சாலையைத் தொடங்கியது. மின்னணு எக்ஸ்சேஞ்ச் கருவிகள் அங்கே உருவாயின. பாலக்காட்டு ட்ரங்க் போர்டில் ஒரு பெண் பிளக்கைச் செருகிக்கொண்டிருந்தபோது, சில மைல் தொலைவில், அவர் வேலையை எடுத்துக்கொள்ளப் போகும் கருவியில் இன்னொரு பெண் சால்டரிங் வைத்துக்கொண்டிருந்திருப்பார். இருவரும் ஒரே பஸ்ஸில்கூடப் போயிருக்கலாம். 1984-இல் அரசின் தொலைத்தொடர்பு ஆய்வு மையமான சி-டாட் வந்தது. தூசியும் வெயிலும் தாங்கி, குளிர்சாதனம் இல்லாமலே இயங்கும் சிறிய எக்ஸ்சேஞ்சை அது வடிவமைத்தது. 1986-இல் கர்நாடகத்தின் கித்தூரில் முதலாவது ஓடத் தொடங்கியது. பிறகு ஊர் ஊராகப் போர்டுகள் கழன்றன.

இறந்தவரைப் பற்றி நல்லது மட்டுமே சொல்வது மரபு. இங்கே அது முடியாது, அது மற்றவர்களுக்குச் செய்யும் அநியாயம். தோட்டத்து லயத்தில் இருந்த தொழிலாளிக்கு அந்தப் பழைய ஏற்பாட்டில் இடம் ரொம்பக் குறைவு. போன் இருந்தது பங்களாவில், ஆபீஸில், தபால் நிலையத்தில். அம்மா செத்த செய்தி அங்கே வந்து, ஆள் விட்டுக் கூப்பிட்டு, இவர் மலை ஏறிப் போய் நிற்பதற்குள் லைன் அறுந்திருக்கும். கைக்குப் பணம் தந்தவர்களின் சீட்டு மேலே ஏறிய ஊர்களும் உண்டு. தன் பேச்சை யாரோ கேட்கிறார்கள் என்ற கூச்சம் எப்போதும் உண்டு. மஞ்சள் பலகை போட்ட எஸ்.டி.டி. பூத் வந்தபோதுதான் குமுளியிலும் மூணாறிலும் சாதாரண மனிதன் தன் காசில், தன் விரலால், தன் வீட்டைக் கூப்பிட்டான். இரவுக் கட்டணம் குறையும்வரை வரிசையில் நின்றான். அந்த விடுதலையை நான் திருப்பிக் கேட்கவில்லை. ஆப்பரேட்டர் வேலையும் சொர்க்கமல்ல. காதை அழுத்தும் ஹெட்செட், ஸ்ப்ளிட் டியூட்டியில் இரண்டாகக் கிழியும் நாள், முகம் தெரியாதவர்களின் வசவு.

நடந்த பரிமாற்றத்தில் எது வந்தது, எது போனது என்பது தெரிய வேண்டும், அவ்வளவுதான். பேசுகிறவர்களுக்கு நேரடி லைன் வந்தது. இணைத்தவர்களுக்கு நடுவில் இருந்த லைன் போனது. கவுண்டர், பில்லிங், விசாரணை என்று அவர்களை வேறு வேலைகளுக்கு மாற்றினார்கள். 2000 அக்டோபர் 1-இல் அரசின் தொலைபேசிச் சேவை பி.எஸ்.என்.எல். ஆனது. 2020 ஜனவரி 31-ஆம் தேதி, ஒரே நாளில், 78 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பி.எஸ்.என்.எல். ஊழியர்கள் விருப்ப ஓய்வில் வெளியேறினார்கள். ட்ரங்க் காலத்தில் இளைஞர்களாகச் சேர்ந்து மிஞ்சியிருந்தவர்களும் அவர்களோடு போனார்கள். எட்டு வாரத்துக்குள் நாடு முழுவதும் ஊரடங்கு. வாளையாரிலும் குமுளியிலும் எல்லை அடைபட்டது. தூரத்திலிருந்து சேர்ந்து வேலை செய்வது எப்படி என்று தேசமே திகைத்து நின்றபோது, அதை வாழ்ந்து காட்டியவர்கள் அப்போதுதான் வீட்டுக்குப் போயிருந்தார்கள். அவர்களிடம் கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

அந்த 2020-இன் முதல் ஆறு மாதத்தில் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் 61,182 அமெரிக்க ஊழியர்கள் எப்படித் தொடர்புகொண்டார்கள் என்று ஓர் ஆய்வு பார்த்தது. மறுஆண்டு 'நேச்சர் ஹியூமன் பிஹேவியர்' இதழில் வெளிவந்தது. எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகு தொடர்புகள் இறுகி, அவரவர் குழுவுக்குள் சுருங்கிவிட்டன. குழுக்களுக்கு நடுவில் இருந்த பாலங்கள் குறைந்தன. உடனுக்குடன் பேசுவது குறைந்து, எழுதி அனுப்புவது கூடியது. இதுதான் அதன் முடிவு. கருவி குறைவு என்று யாரும் சொல்ல முடியாது. ட்ரங்க் போர்டில் முகம் கிடையாது, கரகரப்பான குரல் மட்டும். இன்று முகமே தெரிகிறது. பிறகு ஏன்?

என் பதில் இது. இன்றைய குழுவில் ஒருவர் வேலையை இன்னொருவர் குரல் இல்லாமலே முடிக்கலாம். முடிக்கும்படிதான் வேலையே பிரிக்கப்பட்டிருக்கிறது. தன் பகுதியைச் செய்து பொது இடத்தில் போட்டுவிட்டால் அடுத்தவர் எடுத்துக்கொள்வார். நடுவில் ஒரு வார்த்தை தேவையில்லை. அது திறமையான ஏற்பாடு. ஆனால் தேவையில்லாத இடத்தில் பேச்சை வரவழைக்கத் தனியாக ஒரு நிகழ்ச்சி வைக்க வேண்டியதாகிறது. பத்து மணிக்குக் கூட்டம் என்றால் பத்துக்குத் திறக்கிறது, பத்தரைக்கு மூடுகிறது. முன்னும் பின்னும் சும்மா இருக்கும் லைன் என்று எதுவும் இல்லை. கூட்டத்துக்குள்ளும் பேசாதவர்கள் எல்லோரும் மியூட். ட்ரங்க் லைனில் மௌனத்துக்கும் ஒரு மூச்சு இருந்தது. பின்னால் இன்னொரு போர்டின் மணி, யாரோ நாற்காலி இழுப்பது, மழை. மியூட்டில் இருக்கும் மௌனம் வெறுமை. அதில் மனிதர் இருக்கிறாரா, எழுந்து போய்விட்டாரா என்பதே தெரியாது.

வாரத்துக்கு ஒருமுறை கேமரா முன் சிரிக்கச் சொல்வது இதை ஈடுகட்டாது. கட்டாயச் சிரிப்பு களைப்பைத்தான் கூட்டும். வேண்டியது வேறு. வேலையில் ஒரு பகுதியையாவது இருவர் ஒரே நேரத்தில், குரலில், ஒருவர் கையை ஒருவர் எதிர்பார்த்துச் செய்யும்படி வைக்க வேண்டும். ஷிப்ட் மாறும்போது குறிப்பு எழுதிவைத்துவிட்டுப் போகாமல் அடுத்தவரிடம் வாயால் சொல்லி ஒப்படைக்கலாம். எதிர்முனையில் இருப்பவரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றாமல் ஆண்டுக்கணக்கில் அதே ஆளை வைத்திருக்க வேண்டும். பொள்ளாச்சிக்குப் பாலக்காடு எப்போதும் பாலக்காடாகவே இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, கணக்கில் வராத சில நிமிஷங்களை யாரும் பிடுங்காமல் விட்டுவைக்க வேண்டும். ஒவ்வொரு நொடியையும் அளக்கும் மென்பொருளை ஊழியர்களின் கணினியில் ஏற்றிவிட்டு, அவர்கள் ஏன் நெருங்கவில்லை என்று கேட்கும் நிறுவனம் தன் கேள்விக்குத் தானே பதில்.

நெருக்கத்தைப் பொழுதுபோக்கு என்று நினைப்பவர்கள் இந்த மலையில் ஒரு இடத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். 2020 ஆகஸ்ட் 6-ஆம் தேதி இரவு, மூணாறுக்கு அப்பால் ராஜமலையின் பெட்டிமுடியில் மலை சரிந்து தோட்டத் தொழிலாளர் லயங்களை மூடியது. 70 உயிர்கள் போயின. தமிழ்க் குடும்பங்கள், பலருக்குப் பூர்வீகம் தூத்துக்குடி மாவட்டத்துக் கயத்தாறு. மழையில் மின்சாரம் இல்லை, செல்போன் தொடர்பு இல்லை. நடந்தது வெளியுலகுக்குத் தெரிய மறுநாள் காலை ஆயிற்று. ஓர் ஆப்பரேட்டர் இருந்திருந்தால் அவர்கள் பிழைத்திருப்பார்கள் என்று சொல்ல எனக்கு எந்த ஆதாரமும் இல்லை. அப்படிச் சொல்வது அந்த உயிர்களுக்கும் மரியாதை அல்ல. ஒன்றை மட்டும் சொல்லலாம். ஒரு முனை பேசாமல் போனால் மறுமுனையில் யாராவது ஒருவர் அதைக் கவனித்து, "அந்தப் பக்கம் என்னாச்சு?" என்று கேட்பது ட்ரங்க் எக்ஸ்சேஞ்சில் வேலையின் பகுதியாக இருந்தது. இன்று ஒருவர் மூன்று நாள் வாய் திறக்காவிட்டாலும் திரையில் அவர் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிந்துகொண்டிருக்கலாம்.

ட்ரங்க் போர்டில் கடைசியாக உட்கார்ந்தவர்களுக்கு இப்போது அறுபதுக்கு மேல் வயது. பெரும்பாலோர் எழுபதைத் தாண்டியிருப்பார்கள். பாலக்காட்டிலும் பொள்ளாச்சியிலும் போடியிலும் மூணாறிலும் அவர்கள் நம் தெருக்களில்தான் இருக்கிறார்கள். அவர்கள் பணிக் குறிப்பேட்டில் எத்தனை ஆண்டு, எந்த ஊர் என்பது இருக்கும். யாரோடு பேசினார்கள் என்பது எந்த ஏட்டிலும் இல்லை. தூரத்துக் குழுக்களை நடத்துகிறவர்களே, ஆலோசகரை அழைக்கும் முன் அவர்களில் ஒருவரை அழைத்து ஒரு மணி நேரம் பேசச் சொல்லுங்கள். கல்லூரிகளில் தமிழும் மலையாளமும் வரலாறும் படிக்கும் பிள்ளைகளே, போனில் ஒலிப்பதிவை அழுத்திவிட்டு அவர்கள் முன்னால் உட்காருங்கள். எதிர்முனைக் குரலின் பெயரைக் கேளுங்கள். ஓய்வுபெற்ற அந்த இரண்டு பேரும் உயிரோடு இருந்தால், ஒருவருக்கொருவர் போன் போட்டுக் கொடுங்கள்.